செய்து அறிதல்: தகவல் முறைமைத் துறையில் ஓர் ஆய்வு வாழ்க்கை

'செயற்கை' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது 'செய்' என்னும் வினை. இயல்பாய் அமைந்தது இயற்கை. மனிதர் செய்தது செயற்கை. அதன் முதற்பொருள் அவ்வளவே. ஆனால் இன்று ஒருவருடைய சிரிப்பைச் செயற்கையானது என்று நாம் சொன்னால் அது பாராட்டாகாது. போலி என்ற நிழல் அச்சொல்லின்மேல் படிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல்லும் இதே இழுக்கைச் சுமக்கிறது என்று கவலைப்பட்டவர் ஹெர்பர்ட் சைமன். அரசறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, கணினியியலின் டூரிங் விருதை 1975இலும் பொருளியலுக்கான நோபல் பரிசை 1978இலும் பெற்ற அவர், 1968இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். செயற்கைப் பொருள்களுக்கும் ஓர் அறிவியல் உண்டு என்பதே அவற்றின் கருத்து. அடுத்த ஆண்டில் அவை நூலாயின. பொதுச் சொற்பொழிவு ஒன்று நூலாகி ஒரு துறையின் போக்கையே மாற்றியது என்பது இத்தகைய உரைவரிசைகளைப் படிப்போருக்கு உவப்பான செய்தியாகவே இருக்கும்.

சைமன் எழுப்பிய கேள்வி எளியது. இயற்பியல் அறிஞர் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பொறியாளரும் மருத்துவரும் மேலாளரும் அது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதே வடிவமைப்பு. ஆயினும், மதிப்பைத் தேடிப் போன பல்கலைக்கழகங்கள் வடிவமைப்பைப் பாடத்திட்டத்திலிருந்து மெல்ல மெல்ல அகற்றிவிட்டன. பொறியியல் கல்லூரிகள் இயற்பியல், கணிதக் கல்லூரிகளாகவும், மருத்துவக் கல்லூரிகள் உயிரியல் கல்லூரிகளாகவும் மாறிவருகின்றன என்று அவர் குறைபட்டார்.

இக்குறையை மிகக் கூர்மையாக உணர்ந்த துறைகளுள் ஒன்று தகவல் முறைமை. வங்கியின் கணக்கும் மருத்துவமனையின் நோயாளர் பதிவும் துறைமுகத்தின் சரக்குப் பட்டியலும் இயந்திரத்தால் மட்டும் நடப்பவை அல்ல. மனிதரும் நடைமுறையும் கணினியும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் ஏற்பாட்டையே தகவல் முறைமை என்கிறோம். 1960களின் இறுதியில் மினசோட்டா போன்ற பல்கலைக்கழகங்களில் இது தனித்துறையாக வேரூன்றியது. 1977இல் அதற்கெனத் தனி ஆய்விதழும் பிறந்தது. அமெரிக்காவில் இத்துறை பெரும்பாலும் வணிகக் கல்லூரிகளுக்குள் குடியேறியதால், சமூக அறிவியலின் முறைகளையே தன் முறைகளாக ஏற்றது. வினாப்பட்டியல் தயாரிப்பது, ஊழியர்களிடம் கொடுப்பது, ஒரு மென்பொருளை அவர்கள் ஏன் ஏற்றார்கள், ஏன் மறுத்தார்கள் என்று புள்ளியியலால் விளக்குவது என ஆய்வு நடந்தது. அது தேவையான பணிதான். ஆனால் அந்த மென்பொருளைச் செய்தவருக்கு அங்கே இடமில்லை. 'நீர் செய்தது வேலை, ஆய்வு எங்கே?' என்பதே அவர் எதிர்கொண்ட கேள்வி. முனைவர் பட்டமும் நிரந்தரப் பணியும் அக்கேள்வியில் தொங்கின.

இந்தக் கேள்வியோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கு நின்றவர் ஜே நுனமேக்கர். பொறியியல் பயின்றவர், 1965இலேயே தொழில்முறைப் பொறியாளர் உரிமம் பெற்றவர். சைமன் கற்பித்துவந்த கார்னகியில் இளநிலைப் பட்டம் பெற்று, கேஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவரானார். அங்கே டேனியல் டைக்ரோ என்பவர் ஒரு துணிச்சலான திட்டத்தைத் தொடங்கியிருந்தார். ஒரு நிறுவனத்துக்கு என்ன வேண்டும் என்பதை முறையான மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்கேற்ற தகவல் முறைமையை வடிவமைக்கும் வேலையையே கணினியிடம் ஒப்படைக்க முடியுமா என்பது அத்திட்டத்தின் தேடல். நுனமேக்கரின் ஆய்வேடு இத்தேடலில் விளைந்தது. செய்வதை எப்படிச் செய்வது என்பதே அவருடைய முதல் ஆய்வுப் பொருளாக அமைந்தது.

1974இல் அவர் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைத் தகவல் முறைமைத் துறையைத் தொடங்கினார். அங்கே அவர் செய்தவற்றுள் நாம் சற்று நின்று பார்க்க வேண்டியது ஓர் அறை. 1985இல் டூசான் நகரில் திறக்கப்பட்ட அவ்வறையில் லாட வடிவ மேசையும், அதைச் சுற்றிப் பதினாறு கணினிகளும், முன்னால் ஒரு பெரிய திரையும் இருந்தன. அது கூட்டம் நடத்துவதற்கான அறை. இன்று இதைக் கேட்பவர் இதில் என்ன வியப்பு என்பார். ஆனால் கூட்டம் என்பது மிகப் பழைய தொல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதே தம் எண்ணத்தை மறந்துவிடுவார். தலைவர் ஒன்று சொல்லிவிட்டால் கீழே இருப்பவர் வாய் திறக்கமாட்டார். நம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களில் அமர்ந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த அறையில் அனைவரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தார்கள். எழுதியவர் யார் என்று திரை காட்டாது. எழுதியது எதுவும் தொலையாது. ஒரே நேரத்தில் பேசுதல், பெயரின்மை, குழுவின் நினைவு ஆகிய மூன்றும் கருத்தளவில் புதியவை அல்ல. அவற்றை ஒரு கருவியாக்கி, மெய்யான மேலாளர்களை மெய்யான சிக்கல்களோடு அதன்முன் உட்காரவைத்ததே புதுமை. ஐபிஎம் நிறுவனம் இவ்வமைப்பை முதலில் நியூயார்க் மாநிலத்தின் ஓவிகோ கிளையில் நிறுவியது. பின்னர் வேறு பல கிளைகளுக்கும் கொண்டுசென்றது.

இங்கேதான் அறிவு பற்றிய ஒரு சச்சரவு எழுந்தது. பிற பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்களில் மூன்று, நான்கு மாணவர்களை வைத்துச் சோதித்தபோது இத்தகைய கருவிகள் பெரிய பயன் தரவில்லை என்ற முடிவுகளும் வந்தன. அரிசோனாவின் களச் சோதனைகளோ பயன் உண்டு என்றன. யார் சொன்னது சரி? நுனமேக்கரும் அவருடைய சகாக்களும் 1991இல் எழுதிய கட்டுரையில், குழுவின் அளவும் வேலையின் தன்மையும் மாறும்போது முடிவும் மாறுகிறது என்று காட்டினார்கள். நால்வர் வாய்விட்டுப் பேசியே முடித்துவிடுவர். பதினைவர் பேசினால்தான் காத்திருப்பு சுமையாகிறது. இந்த உண்மை வினாப்பட்டியலில் கிடைத்திருக்காது. அறையைக் கட்டியதால் கிடைத்தது. செய்தல் ஆய்வாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் அரிது என்பது நம் கருத்து.

இதே காலத்தில், முறைமையை உருவாக்குவதும் ஓர் ஆய்வு முறையே என்று அவர் வேறிருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. கோட்பாடு, சோதனை, கள நோக்கு ஆகிய மூன்றுக்கும் நடுவே உருவாக்கம் அச்சாணியாக நிற்கிறது என்றது அது. அதன்பின் 1995இல் மார்ச், ஸ்மித் இருவரும் ஆய்வாளர் செய்யக்கூடியவற்றை வகைப்படுத்தினர். 2004இல் ஹெவ்னர், மார்ச், பார்க், சுதா ராம் நால்வரும் துறையின் முன்னணி இதழிலேயே ஏழு வழிகாட்டுதல்களை வகுத்தார்கள். அவற்றைச் சுருக்கிச் சொன்னால், ஆய்வின் முடிவில் ஒரு செய்பொருள் இருக்க வேண்டும். அது தீர்க்கும் சிக்கல் மெய்யானதாக இருக்க வேண்டும். அது பயன்படுகிறது என்பதைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். அதனால் புதிதாக அறிந்தது என்ன என்று பிறருக்குச் சொல்ல வேண்டும். இப்போது 'வடிவமைப்பு அறிவியல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பூசல் அத்துடன் ஓயவில்லை. செர்மன் மொழி வழங்கும் நாடுகளில் முறைமைகளை உருவாக்குவதே இத்துறையின் நெடுநாள் மரபு. உலகத் தரவரிசை என்ற பெயரில் அமெரிக்க இதழ்களின் அளவுகோல் அங்கும் நுழைந்தபோது, தம் மரபு அழிந்துவிடும் என்று அஞ்சிய பேராசிரியர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். எழுதியவர் பதின்மர், வழிமொழிந்த பேராசிரியர் நூற்றுப் பதினொருவர். 2011இல் அதன் ஆங்கில வடிவம் வெளிவந்தது. வெளிநாட்டு இதழ்ப் பட்டியலைப் பார்த்தே பதவி உயர்வு தரும் பல்கலைக்கழகங்கள் நம் வட்டாரத்திலும் உள்ளன என்பதால் அந்த அறிக்கை நமக்கு அயலானதன்று.

நுனமேக்கர் பிற்காலத்தில் வலியுறுத்தியது ஆய்வின் 'கடைசி மைல்'. இயலும் என்று காட்டுவது முதற்படி. பயன் உண்டு என்று காட்டுவது இரண்டாம் படி. செய்தவர் அருகில் இல்லாதபோதும் மக்கள் தாமே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டுவது மூன்றாம் படி. பெரும்பாலான ஆய்வுகள் முதற்படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன.

ஆயினும் இந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. அவருடைய குழு பின்னாளில் எல்லைக் கடப்போரிடம் கேள்வி கேட்டு, குரலையும் கண்ணசைவையும் கொண்டு பொய்யை உய்த்துணர முயலும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியது. அரிசோனாவின் நொகாலெஸ் எல்லைச் சாவடியில் அது முன்னோட்டமாக வைக்கப்பட்டது. உடலசைவிலிருந்து பொய்யைக் கண்டறிய முடியுமா என்பதிலேயே அறிஞரிடையே கடும் ஐயம் உண்டு. கூட்ட அறையில் அமர்ந்தவர் கருவியைத் தாமே பயன்படுத்தினார். சாவடியில் நிற்பவர்மீதோ கருவி பயன்படுத்தப்படுகிறது. 'பயன்' என்றால் யாருக்குப் பயன் என்பதை வடிவமைப்பு அறிவியலின் ஏழு வழிகாட்டுதல்களும் போதிய அளவு கேட்கவில்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

நம் நகரத்திலும் செய்து அறிந்தவர் ஒருவர் வாழ்ந்தார். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த சிறுகதையாசிரியர் நா. கோவிந்தசாமி கணினியியலில் பட்டம் பெற்றவர் அல்லர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலியோரோடு சேர்ந்து 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியது முதற்படி. 1997இல் இங்கே கூடிய தமிழிணைய மாநாட்டில் பல நாட்டவரும் எழுத்துருக் குழப்பத்தையும் விசைப்பலகைக் குழப்பத்தையும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டையொட்டி ஒரு பொது விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். வடிவமைப்பு அறிவியல் என்ற பெயர் ஊன்றுவதற்கு முன்பே அதன் வேலையைச் செய்தவர் அவர். இன்று ஒரு மாணவர் விசைப்பலகையையோ பிழைதிருத்தியையோ முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வாகக் கொண்டுவந்தால், 'ஆய்வு எங்கே?' என்று கேட்கும் தேர்வாளரிடம் அவர் அந்த ஏழு வழிகாட்டுதல்களையும் எடுத்து வைக்கலாம். அவற்றோடு எட்டாவதாக, இது யாருக்குப் பயன் என்ற கேள்வியையும் தேர்வாளர் கேட்கலாம்.