குருவாகாத மாணவர்: ஜெய்பால் சிங்கின் வாழ்வு

மிஷன் பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர், அவற்றிலிருந்து எத்தனை போதகர்கள் தோன்றினர் என்று எண்ணுவது வழக்கம். அவ்வெண்ணிக்கையில் சேராத மாணவரை எங்ஙனம் மதிப்பிடுவது? ஜெய்பால் சிங் முண்டாவின் வாழ்வு இவ்வினாவை எழுப்புகின்றது.

அவர் 1903-ஆம் ஆண்டு, ராஞ்சிப் பகுதியில் குந்திக்கு அருகிலுள்ள முண்டா பழங்குடியினரின் சிற்றூரொன்றில் பிறந்தார். ராஞ்சி தூய பவுல் பள்ளியில் ஆங்கிலிக்க மிஷனெறிமார் அவரைப் பயிற்றுவித்தனர். அப்பள்ளியின் தலைவராயிருந்த காஸ்கிரேவ் குருவானவர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். கேன்டர்பரி தூய அகுஸ்தீன் கல்லூரியில் அவர் குருப்பணிக்கென ஆயத்தமானார். ஆயினும், ஆக்ஸ்ஃபோர்டு தூய யோவான் கல்லூரிக்குச் சென்றபின் அவர் வழி வேறாயிற்று. அங்கு ஹாக்கியில் சிறந்து விளங்கினார், பின்னர் ஐ.சி.எஸ். பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. அந்நாளில் அவ்விளையாட்டினால் ஊதியம் ஏதும் இல்லை, இழப்போ பெரிது. பணிப்பயிற்சியில் விடுப்புக் கிடைக்காதபோதும் அவர் சென்றார். ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல்கள் அடித்தது, ஒன்றையேனும் பெறவில்லை. இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை எனினும், இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அவர் தலைமை தாங்கிய அணிக்கே உரியதாயிற்று. திரும்பியபின், பயிற்சியை மேலும் ஓராண்டு தொடருமாறு பணிக்கப்பட்டபோது, அவர் ஐ.சி.எஸ். பதவியையே துறந்தார்.

1939-இல் அவர் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 டிசம்பர் 19 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, பழங்குடியினருக்கு மக்களாட்சியைக் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்தே மற்றவர் அதனைக் கற்க வேண்டும் என்று வாதாடினார். குறைகளும் அவரிடம் இல்லாமலில்லை. 1963-இல் தம் ஜார்க்கண்ட் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்ததைத் தொண்டர் பலர் கண்டித்தனர். 1970-இல் அவர் மறைந்தார்; அவர் வேண்டிய ஜார்க்கண்ட் மாநிலம் 2000-இல் உருவாயிற்று.

குருவாக்க எண்ணிய மாணவர் குருவாகவில்லை. ஆயினும் மிஷன் அளித்த கல்வி, ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக நாட்டின் சபையில் ஒலித்தது. இதனை இழப்பென்று எவ்வாறு எழுதுவோம்? வில்லியனூர், பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களில் பணியாற்றும் போதகர்களும், அங்குச் செல்லவிருக்கும் இறையியல் மாணவர்களும் இதனைச் சிந்திப்பது நலம். மாலையில் ஏரிக்கரைத் திடலில் பந்தாடும் சிறுவனிடம், அவன் ஊழியத்திற்கு வருவானா என்று மட்டும் கேட்பது போதாது. தன் மக்களுக்காக எழுந்து பேசும் துணிவை அவனுக்கு நாம் அளித்தோமா என்பதும் திருச்சபை தன்னையே கேட்கவேண்டிய வினாவாகும்.