தரங்கம்பாடி இருப்புப்பாதையும் காவிரிக்கரை நடையும்

பச்சைமலைச் சாரலில், ஏரிகளும் வயல்களும் சூழ அமைந்த எங்கள் துறையூருக்கு இன்றளவும் புகைவண்டி வரவில்லை. ரயிலேற வேண்டுமானால் பஸ் பிடித்துத் திருச்சிக்கோ ஸ்ரீரங்கத்துக்கோதான் போயாக வேண்டும். ஆகையினாலேயே, இருப்புப்பாதையை ஒரு காலத்தில் பெற்றிருந்து பின்னர் இழந்துவிட்ட ஊர்களின் சரித்திரம் எங்கள் மனத்தை விசேஷமாகத் தொடுகிறது. ஸ்ரீரங்கத்தை அணைத்துச் செல்லும் காவிரி கடலை நெருங்கும் கடைமடைப் பிரதேசத்தில், மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) தரங்கம்பாடிக்கு ஓடிய கிளைப்பாதையின் சரித்திரம் அத்தகையது.

தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு 1620-இல் டேனிஷ்காரர் நிலைகொண்ட துறைமுகம் தரங்கம்பாடி. 1706-இல் அங்கு வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவின் முயற்சியால் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அவ்வூரில்தான். 1845-இல் ஆங்கிலேயர் அதை விலைக்கு வாங்கினர். பின்பு, 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரையிலும், மறு வருஷம் திருச்சி வரையிலும் இருப்புப்பாதை திறக்கப்படவே, கப்பற்சரக்கெல்லாம் ரயில் வசதியுள்ள நாகப்பட்டினத்தை நாடிற்று. கோட்டையும் அகன்ற வீதிகளும் இருந்தும், தரங்கம்பாடியின் வர்த்தகம் க்ஷீணித்தது. அயலூருக்கு வந்த தண்டவாளம் இவ்வூரின் ஜீவனத்தைக் கொண்டுபோயிற்று என்றே சொல்ல வேண்டும்.

மாயவரமோ இதற்கு நேர்மாறாக வளர்ந்தது. சென்னையிலிருந்து தஞ்சை செல்லும் பிரதான மார்க்கம் அதன் வழியே அமைந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டார் அங்கிருந்து முத்துப்பேட்டைக்கு இட்ட பாதை 1894-இல் திறக்கப்பட்டது. தரங்கம்பாடிக்கான கிளைப்பாதை வந்தது 1926-இல். நாகப்பட்டினம் ரயிலைக் கண்ட பின் அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, துறைமுகத்தின் பெருமை மங்கிப் போன நிலையில் வந்த அந்த வண்டி, வணிகத்தை மீட்டுத் தருவதற்கில்லை. எனினும், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்தில் மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்ற ஊர்களைக் கோத்துச் சென்ற அந்த மீட்டர்கேஜ் பாதை, கிராமத்து ஜனங்களுக்கு மாயவரத்தை அண்டை வீடாக்கியது. திருக்கடையூர் அபிராமி சந்நிதியில் சஷ்டியப்தபூர்த்தி செய்துகொள்ள வருவோருக்கும் அது மார்க்கமாயிற்று. பஸ்கள் பெருகிய காலத்தில், 1986-இல், போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஆதியில் ரயில் இன்மையால் நொடித்த தரங்கம்பாடி, தாமதித்து வந்த ரயிலையும் இவ்வாறு இழந்தது.

வண்டி நின்றுபோன பின், இருப்புப்பாதைக்கென இட்ட மண்மேடு நடப்பவருக்கு எவ்வளவு இதமானது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் ஏற மாட்டாது. வளைவும் தாராளமாக இருந்தாக வேண்டும். ஆதலால் ரயில்பாதையைச் சமமாகவே அமைப்பார்கள். வயற்பரப்பான தஞ்சைத் தரணியில், வெள்ளத்துக்கு மேலே கரை உயர்த்தி, வாய்க்கால்கள் குறுக்கிடும் இடந்தோறும் மதகு கட்டியாக வேண்டிய பாதை அது. முழங்கால் வலியுள்ள முதியவரும் அத்தகைய கரைமீது ஆயாசமின்றி நடக்கலாம். இங்கிலாந்தில் நஷ்டத்தில் ஓடிய ரயில்பாதைகளை மூடப் பரிந்துரைத்து 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து மூடப்பட்ட கிளைப்பாதைகள் பல இவ்வாறே நடைவழிகளாயின. டெர்பிஷயரில் வை நதியை ஒட்டிய மான்சல் பாதை, 1968-இல் வண்டி நின்றுபோன மார்க்கத்தில் அமைந்ததே.

மாயவரத்திலும் அப்படியொன்று அமையலாகாதா? ஐப்பசியில் பக்தர்கள் நீராடும் துலாக்கட்டத்தில் புறப்பட்டு, காவிரியின் தென்கரையோடு கிழக்கே மன்னம்பந்தல் வரை சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பிப் பழைய ரயில்தடத்தை அடைந்து, அதன் வழியே மேற்கு நோக்கி ஊர் திரும்பினால் வட்டம் பூர்த்தியாகும். காலையிலோ மாலையிலோ குழந்தைகளோடு நடந்து முடிக்கக்கூடிய தூரமே அது.

இம்மார்க்கத்தில் மீண்டும் ரயில் ஓட வேண்டும் என்று அவ்வட்டாரத்தார் கேட்டு வருவது நியாயமே. நடைவழி அதற்குப் பகையன்று. ஜனங்கள் தினந்தோறும் நடக்கும் நிலத்தை ஒருவர் வேலியிட்டு வளைத்துக்கொள்வது சுலபமன்று ஆதலால், அதுவே பாதைக்குக் காவலாகும். துண்டு துண்டாகப் போய்விட்ட தடத்தில் வண்டியும் ஓடாது, மனிதரும் நடக்க இயலாது. ஆகவே, ரயில் இலாகாவும் மயிலாடுதுறை ஜில்லா அதிகாரிகளும் அந்நிலத்தை இப்போதே அளந்து, எல்லைக்கல் நட்டு, முழுமையாகக் காத்துத் தர வேண்டும்.