பறக்கும் தவளையும் பெயரில்லாத் தொழிலாளியும்

உலகமறியாதவனைக் கிணற்றுத் தவளை என்று இகழ்வது நம்மவர் வழக்கம். ஆனால் கிணற்றையே கண்டறியாத தவளையும் உண்டு. வானளாவும் மரங்களின் உச்சியே அதன் வீடு. அதன் சரித்திரத்தை அறிந்தோர், உழைப்பாளியைக் கிணற்றுத் தவளை என்றெண்ணத் துணியார்.

1855-ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், சரவாக்கின் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தருகே தங்கிப் பிராணிகளைச் சேகரித்து வந்தார். சீனத் தொழிலாளி ஒருவர் பெரிய மரத்தவளையொன்றை அவரிடம் கொணர்ந்தார். உயர்ந்த மரத்தினின்றும் அது பறப்பதுபோற் சரிவாக இறங்கியதைத் தாம் கண்டதாகக் கூறினார். வாலஸ் அளந்து பார்த்தார். உடல் நீளம் 4 அங்குலம். விரித்த பாதங்கள் நான்கின் சவ்வும் சேர்ந்து 12 சதுர அங்குலம்! அச்சவ்வை விரித்தே அது காற்றிற் சறுக்கி இறங்குகிறது.

1869-இல் வாலஸ் இச்செய்தியை நூலில் வெளியிட்டார். 1895-இல் அதற்கு விஞ்ஞானப் பெயரும் சூட்டப்பெற்றது. ஆங்கிலத்தில் அது வாலஸின் பறக்கும் தவளை என்றே வழங்குகிறது. கண்டவர் சீனத் தொழிலாளி என்பதை வாலஸ் மறைத்தாரில்லை. எனினும், அவர் பெயரை எழுதினாரில்லை. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாமும் வாலஸின் பெயரைப் படித்தோமேயன்றி, அத்தொழிலாளி யார் என்று கேட்டோமா? தோட்டத்துக் கிராணிகளாகிய நாம் நாள்தோறும் செக்ரோலில் பெயர் எழுதுகிறோம். கூலிக்கு வேண்டிய பெயர், அறிவின் கணக்கிற்கு மட்டும் வேண்டாததாயிற்றோ?

சரவாக்கின் கதைதானே என்று எண்ணற்க. இத்தவளை மலாயாத் தீபகற்பக் காடுகளுக்கும் உரியது. காட்டுப்பன்றி புரண்ட சேற்றுக்குட்டையின்மேல் தொங்கும் இலைகளில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரித்த தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுந்து வளரும். ஆதலின் அதற்கு நெடுமரமும் வேண்டும், சேற்றுக்குட்டையும் வேண்டும். வரிசையாய் நட்ட ரப்பர் மரங்களிடையே இவ்விரண்டும் ஏது?

கிள்ளான் பள்ளத்தாக்கின் காடுகள் ஈயச் சுரங்கங்களாகவும் ரப்பர்த் தோட்டங்களாகவும் மாறின. அம்மாற்றத்தில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்துள்ளது. கோலாலம்பூரின் நடுவே, 1906-இல் ஒதுக்கப்பட்ட புக்கிட் நனாஸ் காட்டில் ஒரு சிறு துண்டே எஞ்சியுள்ளது. பெருங்காட்டைக் காண உலு கோம்பாக் மலைச்சரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே மலாயாப் பல்கலைக் கழகம் 1965-இல் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது.

எஞ்சிய காட்டைக் காப்போம். நாளை ஒரு பூர்வகுடியோ தோட்டத் தொழிலாளியோ அங்கே புதியதொன்றைக் கண்டு சொல்வாராயின், அவர் பெயரை முதல் வரியில் எழுதுவோம். கண்டவரை மறக்கும் கல்வியன்றோ கிணற்றுத் தவளை!