புதுப்பேட்டை மீட்டர் வேலை

ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற காந்த வேகமானிதான் மீட்டர் பழுதுபார்க்கும் எங்கள் தொழிலுக்கு மூலம். சக்கரத்திலிருந்து வரும் கேபிள் காந்தத்தைச் சுழற்றும். அந்தக் காந்தம் தொடாமலே அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள்வில் எதிர்த்துப் பிடிக்கும். அந்த இழுபறியைத்தான் முள் காட்டுகிறது. எத்தனை முறை பிரித்தாலும் எனக்கு இது அலுக்காது.

1955-ல் என்பீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்தது. அதன் மீட்டருக்கு உலோக விளிம்பு. எனக்குத் தொழில் சொல்லித் தந்த பெரியவர் சின்ன திருப்புளியால் விளிம்பைச் சுற்றிலும் நிமிர்த்தி, உடைந்த கண்ணாடியை மாற்றி, தழும்பு தெரியாமல் மடித்துவிடுவார். அந்தப் பொறுமை இன்று அபூர்வம்.

1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. அதன் பிளாஸ்டிக் கூடு வெயிலில் காய்ந்து, திருகு பிடிக்கும் இடத்தில் விரியும். உட்புறம் சிறு தகடு வைத்து அரால்டைட்டால் ஒட்டுவோம். விரிசலைவிட அதன் வழியே இறங்கும் மழைநீர்தான் எமன்: டயல் எழுத்து உரியும், கிலோமீட்டர் சக்கரங்கள் இறுகும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, கூடு விரிந்ததற்காக மீட்டரையே தூக்கிப் போடாதீர்கள். மழைக்கு முன் கொண்டுவாருங்கள்.