மெஷினுக்குப் பிடிபடாத பின்னல்

இந்த எபிசோட் போர்வையையும் குஷன் கவரையும் பத்தி. ஹிஸ்டரி பாட்காஸ்ட்ல உல்லன் நூலுக்கு என்ன வேலைன்னு யோசிக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஒரு மகாராணி, ஒரு பெரும் பஞ்சம், கோதாவரிக் கரையில ஒரு ஏற்றுமதி வியாபாரம், எல்லாம் வரப்போகுது.

முதல்ல ஒரு சின்ன வேலை. நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டோட ஓரத்தை இழுத்து, கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாருங்க. குட்டி குட்டியா, ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி வரிசை வரிசையா தெரியும். ஒவ்வொண்ணும் ஒரு கண்ணி. ஒரு கண்ணிக்குள்ள இருந்து இன்னொரு கண்ணியை இழுத்து, அதுக்குள்ள இருந்து அடுத்தது. இதுதான் நிட்டிங். வேட்டி, புடவை எல்லாம் தறியில நெய்தது, டி-ஷர்ட் பின்னினது. அதனாலதான் இழுத்தா நீளுது. திருப்பூரைப் பின்னலாடை நகரம்னு சொல்றோமே, அந்தப் பின்னல் இதுதான்.

இப்ப போன்ல ‘குரோஷே குஷன் கவர்’னு தேடிப் பாருங்க. கலர் கலரா சதுரங்களைச் சேர்த்துத் தைச்ச மாதிரி நிறைய வரும். சிலதோட விலை ஒரு பிரியாணி விலைதான். டி-ஷர்ட்டைப் பின்னியது மெஷின். இந்த குஷன் கவர் நிஜமான குரோஷேன்னா, அதில் இருக்கிற ஒவ்வொரு கண்ணியும் ஒரு மனுஷக் கையால் போட்டது. அப்படின்னா எப்படி இவ்வளவு மலிவா கிடைக்குது? இன்னிக்குக் கேள்வி இதுதான்.

பதில் சொல்றதுக்கு முன்னாடி, நிட்டிங்கும் குரோஷேயும் எங்க பிரியுதுன்னு பார்க்கணும். தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் ‘உல்லன் பின்னல்’தான். நிட்டிங்கில் ரெண்டு நீள ஊசி. ஒரு வரிசையில் இருக்கும் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியில் திறந்தபடி காத்திருக்கும். ஊசி நழுவினால் அத்தனையும் அவிழும். குரோஷேயில் கொக்கி வைத்த ஒரே ஊசி. ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். ஒரு தையலை முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக முடியும். அதே சமயம், அடுத்த தையலை ஏற்கெனவே பின்னிய துணியில் எங்கே வேண்டுமானாலும் குத்தி எடுக்கலாம். மேலே, பக்கவாட்டில், நடுவில், எங்கேயும்.

கோட் எழுதறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். நிட்டிங் ஒரே வேலையை நூறு இடத்துல ஒரே நேரத்துல செய்யலாம். கண்ணிக்கு ஒரு ஊசின்னு வெச்சு, எல்லா ஊசிகளையும் ஒண்ணா அசைச்சா போதும். குரோஷே ஒவ்வொரு அடியிலும் முந்தைய அடியை நம்பியிருக்கு. அதுவும் கொக்கி போய்க் குத்த வேண்டிய ஓட்டையை, வளைஞ்சு நெளியற துணியில் தேடிக் கண்டுபிடிக்கணும். விரலுக்குச் சுலபம், இயந்திரத்துக்கு ரொம்பக் கஷ்டம்.

நிட்டிங்கை இயந்திரமாக்கியது மின்சாரம், நீராவி எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே நடந்துவிட்டது. 1589ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார், காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். ராணி முதலாம் எலிசபெத்திடம் காப்புரிமை கேட்டார், கிடைக்கவில்லை. கையால் காலுறை பின்னிப் பிழைக்கும் ஏழைகள் பிச்சையெடுக்க நேரும் என்று ராணி கவலைப்பட்டதாக ஒரு கதை உண்டு. அதை ராணி சொன்னாரோ இல்லையோ, அந்தக் கவலை ஊரில் இருந்தது. லீ பிரான்ஸுக்குப் போனார். அங்கே ஆதரவு தந்த நான்காம் ஹென்றி 1610இல் கொலை செய்யப்பட்டார். சில ஆண்டுகளில் லீயும் இறந்துபோனார். அவருடைய தம்பி இயந்திரங்களை இங்கிலாந்துக்கே திரும்பக் கொண்டுவந்தார். நாட்டிங்காம், லெஸ்டர் பகுதிகளில் அது பெரிய தொழிலாக வளர்ந்தது. 1811இல் லுட்டைட்டுகள் நாட்டிங்காம்ஷயரில் உடைத்த இயந்திரங்களும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவைதான். திருப்பூரில் இன்று வட்டமாகச் சுழன்று துணி பின்னும் மெஷின்களுக்கும் லீயின் சட்டகம் ஒரு வகையில் கொள்ளுத் தாத்தா.

சரி, குரோஷே? அதுக்கு அவ்வளவு பழைய வரலாறு கிடைக்கவில்லை. அச்சில் வந்த குரோஷே மாதிரிகளில், நமக்குத் தெரிந்தவரை பழையவை 1823இல் வெளிவந்த ‘பெனலோப்பே’ என்ற டச்சுப் பத்திரிகையில் இருப்பவை. எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அதில் ஒன்று நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. கல்யாண பிளவுஸ்ல ஆரி ஒர்க் பண்றாங்களே, சட்டத்துல துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால கீழிருந்து நூலை இழுத்துச் சங்கிலித் தையல் போடறது? இந்தியா, பாரசீகம், துருக்கி பக்கமிருந்து அந்தக் கலை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே யாரோ அடியில் இருந்த துணியை எடுத்துவிட்டு, கொக்கியால் வெறும் நூலை மட்டுமே பின்னத் தொடங்கியதுதான் குரோஷே என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. பிரெஞ்சில் ‘குரோஷே’ என்றால் சின்னக் கொக்கி.

இந்தச் சின்னக் கொக்கிக்கு உலகச் சந்தை கிடைத்தது ஒரு பஞ்சத்தில். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். நிலம் கைவிட்ட குடும்பங்களுக்கு உடனே காசு வர வேண்டும். ஊசி லேஸ் கற்றுக்கொள்ள நீண்ட காலம் ஆகும். குரோஷே சீக்கிரம் கைக்கு வரும். தேவை ஒரு கொக்கியும் பருத்தி நூலும்தான். கார்க் பகுதியில் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்தார்கள். 1847இல் குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் ஓர் ஆசிரியையை வரவழைத்துச் சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அவங்க செஞ்சது போர்வை கிடையாது. பணக்காரங்க உடைக்கான காலர், மணிக்கட்டுப் பட்டை, லேஸ். ஆனா வேலை நடந்த விதத்தைக் கவனிங்க. ஒரு வீட்டில் ரோஜா மட்டும் பின்னுவார்கள். இன்னொரு வீட்டில் இலை. வேறொருவர் எல்லாவற்றையும் வலைப்பின்னலால் இணைத்து முழு உருப்படியாக்குவார். தங்கள் பூ எப்படிப் பின்னப்படுகிறது என்பதைக் குடும்பங்கள் ரகசியமாக வைத்திருந்தன. தொழிற்சாலை இல்லை, மெஷின் இல்லை. சமையலறைகள் சேர்ந்து ஒரு உற்பத்தி வரிசை.

இதே நூற்றாண்டில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் இன்னொரு கதை. 1885இல் ‘ப்ரெய்ரி ஃபார்மர்’ என்ற அமெரிக்க விவசாயப் பத்திரிகையில் ஒரு போர்வை மாதிரி வந்தது. மிச்சம் மீதி உல்லன் நூலை வைத்து நடுவிலிருந்து வெளியே பின்னிக்கொண்டு போகும் சதுரம். சதுரங்களைச் சேர்த்தால் போர்வை. பிற்காலத்தில் இதற்கு ‘கிரானி ஸ்குவேர்’, அதாவது பாட்டி சதுரம் என்று பெயர் வந்தது. நூல் வீணாகாது, மடியில் வைத்துச் செய்யலாம், அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். ‘ரோசேன்’ என்ற அமெரிக்கத் தொடர் பார்த்தவர்களுக்கு அந்த சோஃபாமேல் கிடக்கும் கறுப்பு ஓரம் வைத்த போர்வை ஞாபகம் இருக்கும். அதுதான் இது. இங்கே கூலிக் கேள்வியே இல்லை. தன் பிள்ளைக்குப் போர்வை பின்னுகிறவர் மணிக்கணக்குப் பார்க்க மாட்டார்.

ஆக, ஒரே கொக்கிக்கு ரெண்டு வாழ்க்கை. ஒண்ணு வயித்துப்பாட்டுக்கு. இன்னொண்ணு வீட்டுக்கு, பிரியத்துக்கு. பிரச்சினை எப்ப வருதுன்னா, முதலாவதைச் செய்யறவங்களைப் பார்த்து ‘நீங்க ரெண்டாவதைத்தானே செய்யறீங்க’ன்னு சொல்லும்போது. அது ரொம்பத் தெளிவாக நடந்த இடம் நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் நரசாபுரம். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் அந்தப் பகுதிப் பெண்களுக்குக் குரோஷே லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அது ஏற்றுமதித் தொழிலாக விரிந்தது. மேஜை விரிப்பு, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. 1970களின் பிற்பகுதியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆய்வு செய்தார். 1982இல் வெளிவந்த அவருடைய ‘நரசாபுரத்தின் லேஸ் பின்னுபவர்கள்’ பெண்களின் உழைப்பு பற்றிய ஆய்வுகளில் இன்றும் பேசப்படும் புத்தகம்.

அவர் பார்த்தது இது. சமையல், பிள்ளைகள், வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் பின்னல். அதற்குக் கிடைத்த கூலி சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வயலில் கூலிக்குப் போனால் அதைவிட அதிகம் கிடைக்கும். ஆனால் வெளியே வேலைக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த சாதிகளைச் சேர்ந்த பெண்கள் அவர்களில் நிறையப் பேர். அயர்லாந்து மாதிரியே இங்கும் ஒருவர் பூ, இன்னொருவர் இணைப்பு. நூலைக் கொண்டுவந்து கொடுத்து, பின்னியதை வாங்கிப் போக ஏஜென்ட். ஏற்றுமதியாளரிடம் கேட்டால், ‘அவங்க குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்துல செய்யறாங்க’ என்பதுதான் பதில். அரசாங்கக் கணக்கிலும் அவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்களாக வரவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த வேலையில் இருந்தார்கள் என்பது மீஸின் மதிப்பீடு. ‘ஓய்வு நேரம்’ என்ற ஒரே வார்த்தையால் அத்தனை பேரின் வேலைநாளும் கணக்கிலிருந்து காணாமல் போனது.

இப்ப ஆரம்பத்துக் கேள்விக்கு வருவோம். மெஷின் வந்தா கைவேலைக்காரங்க பிழைப்பு போயிடும்கிறது 1589ல இருந்து கேட்கிற பயம். குரோஷேக்கு மெஷின் வரவே இல்லை. ஜெர்மனியில் பீலஃபெல்ட் நகர ஆய்வாளர்கள் ஒரு மாதிரி இயந்திரம் செய்திருக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலையில் அது டி-ஷர்ட் வேகத்தில் போர்வை பின்னித் தள்ளுவதில்லை. ‘குரோஷே மெஷின்’ என்று ஜவுளித் தொழிலில் விற்பது உண்மையில் வேறு வகை நிட்டிங் மெஷின். கடையில் இருக்கும் சிலது அதில் செய்த போலி. தூரத்துப் பார்வைக்கு மட்டும் குரோஷே. மெஷின் லேஸ் மலிவாக வந்து நரசாபுரத்தின் சந்தையைக் கடித்தது தனிக் கதை. ஆனால் நிஜக் குரோஷேயும் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதன் விலையைக் குறைத்தது தொழில்நுட்பமாக இருக்க முடியாது. அந்த வேலையை வேலையாகக் கணக்கில் எடுக்காமல் விட்டால்தான் அந்த விலை கட்டுப்படியாகும்.

நல்ல செய்திகளும் இருக்கு. நரசாபுரம் குரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் ஏக்கர். பல ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டில் பின்னி அனுப்பிய சதுரங்கள் அவை. சமையலறைகளை இணைத்த அதே முறைதான். இந்தத் தடவை யாருடைய லாபத்துக்காகவும் இல்லை.

இன்ஸ்டாகிராமில் குரோஷே விற்கிற பெண்கள் இப்ப நம்ம ஊர்லயே நிறைய இருக்காங்க. அவங்க போஸ்ட்டுக்குக் கீழே ஒரு கமெண்ட் தவறாம வரும்: ‘வெறும் நூல்தானே, இவ்வளவு விலையா?’ அடுத்த தடவை அதைப் பார்த்தா, அந்த விலையை அது பின்ன ஆன மணி நேரத்தால் வகுத்துப் பாருங்க. ஒரு குஷன் கவருக்கே பல மணி நேரம். படுக்கை அளவு போர்வைன்னா வாரக்கணக்கு. நூல் செலவைக் கழிச்ச பிறகு மணிக்கு எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துட்டு, அது உங்களுக்கு யாராவது கொடுத்தா ஒத்துப்பீங்களான்னு யோசிங்க.

உங்க வீட்டில் பழைய குரோஷே விரிப்பு, டிவிக்கு மேல போடற துணி, எதுவா இருந்தாலும் அதைப் பின்னினது யார், அதுக்கு அவங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.