பெட்-சிடி ஸ்கேன்: உறுப்பின் வடிவமும் இயக்கமும் ஒரே படத்தில்

புற்றுநோய் எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பதை அறிய மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பெட்-சிடி ஸ்கேன், இரு வேறு பரிசோதனைகளின் இணைப்பாகும். சிடி ஸ்கேன், எக்ஸ்ரே கதிர்களால் உறுப்புகளின் வடிவத்தைக் காட்டும். அங்குள்ள செல்கள் எவ்வளவு தீவிரமாக இயங்குகின்றன என்பதைக் கூறாது. பெட் ஸ்கேன் அந்த இயக்கத்தை அளக்கும். ஆனால், இடத்தைத் தெளிவாகக் காட்டாது.

பெட் பரிசோதனைக்கு முன், ஃபுளோரின்-18 என்னும் கதிரியக்க அணு இணைந்த எஃப்டிஜி என்ற மருந்து ஊசி மூலம் ரத்தத்தில் செலுத்தப்படுகிறது. குளுக்கோஸை ஒத்த இதனைச் செல்கள் உள்ளிழுக்கின்றன. முழுமையாகப் பயன்படுத்த இயலாததால், அது அங்கேயே தேங்குகிறது. குளுக்கோஸை மிகுதியாக நாடும் பல வகைப் புற்றுநோய்க் கட்டிகள் இதனால் படத்தில் ஒளிர்கின்றன. ஃபுளோரின் வெளியிடும் பாசிட்ரான், எலக்ட்ரானுடன் சேர்ந்து அழியும்போது, ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் இரு காமா கதிர்கள் பாய்கின்றன. நோயாளியைச் சூழ்ந்துள்ள உணர்கருவிகள் இவ்விரண்டையும் ஒருசேரப் பதிவு செய்கின்றன.

உடலின் ஆழத்திலிருந்து வரும் கதிர்களில் ஒரு பகுதியைத் திசுக்கள் வழியிலேயே தடுத்துவிடும். சிடி தரும் அடர்த்தி விவரங்களைக் கொண்டு இந்த இழப்பு ஈடுசெய்யப்படுகிறது. எனவே, படத்தின் மேல் படத்தைப் பொருத்துவது மட்டுமே இணைப்பின் பயன் அன்று, அளவீடே நம்பத்தக்கதாகிறது. எனினும், சிடி சில நொடிகளிலும் பெட் பல நிமிடங்களிலும் எடுக்கப்படுவதால், மூச்சின் அசைவால் நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் கல்லீரலின் மேற்பகுதியிலும் படங்கள் சற்று விலகக்கூடும்.

டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் ஆகியோர் உருவாக்கிய முன்மாதிரிக் கருவி, 1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-இல் மும்பை பரேலில் உள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் நிறுவப்பட்டது. ஃபுளோரின்-18-இன் கதிரியக்கம் சுமார் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். சைக்ளோட்ரானுக்குத் தொலைவில் உள்ள மருத்துவமனைகளுக்கு மருந்தைக் கொண்டு சேர்ப்பது, ஆகவே, நேரத்துடனான போட்டியே.

பரிசோதனைக்கு முன் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் உணவைத் தவிர்க்க வேண்டும், தண்ணீர் அருந்தலாம். ரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தால், அது எஃப்டிஜியுடன் போட்டியிட்டுக் கட்டியின் ஒளிர்வை மங்கச் செய்யும். ஆதலால், நீரிழிவு நோயாளிகள் தாங்கள் எடுத்துக்கொள்ளும் இன்சுலின், மாத்திரை விவரங்களை முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம். ஊசிக்குப் பின் சுமார் ஒரு மணி நேரம் அசையாது ஓய்வெடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: உழைக்கும் தசையும் குளுக்கோஸை ஈர்க்கும்.

ஒளிரும் இடமெல்லாம் புற்றுநோய் அன்று. அழற்சியுற்ற திசுக்களும் எஃப்டிஜியை ஈர்ப்பவையே. காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில், காசநோயால் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் படத்தில் புற்றுநோய் போலவே தோன்றுவதுண்டு. ஐயத்துக்குரிய இடங்களில், திசுவை எடுத்து பயாப்சி செய்த பின்னரே மருத்துவர்கள் நோயை உறுதி செய்கின்றனர்.