கார்லண்ட் உலக இசைக் கலைக்களஞ்சியம்

உலக மக்களின் இசையைப் பத்துத் தொகுதிகளில் விவரிக்கும் ஆங்கில நோக்கு நூல். 1998க்கும் 2002க்கும் இடையே வெளிவந்தது. புரூனோ நெட்டல், ரூத் ஸ்டோன் முதலிய இனஇசையியலாளர்கள் இதை முன்னின்று உருவாக்கினர்.

அகரவரிசையை விட்டு நிலவரிசையைப் பிடித்ததே இதன் தனித்தன்மை. அகரவரிசையில் அமைந்த குரோவ் இசை அகராதியில் தலைப்பின் பெயர் தெரிந்தால்தான் பக்கத்தைப் புரட்ட முடியும். இங்கோ ஊர் தெரிந்தால் போதும். ஆப்பிரிக்கா முதல் தொகுதி, தென்கிழக்காசியா நான்காவது, ஐரோப்பா எட்டாவது. அலிசன் ஆர்னால்ட் பதிப்பித்த ஐந்தாம் தொகுதி (2000) இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரியது. கச்சேரி மேடையோடு நில்லாமல், சடங்கு, கூத்து, திரையிசை, புலம்பெயர்ந்தோர் இசை என விரிவதால் தமிழ் வாசகர் முதலில் எடுக்க வேண்டியது இதுவே. முதல் ஒன்பது தொகுதிகளுடனும் ஒலிவட்டு உண்டு. எழுத்தால் மட்டும் பறையின் அடியை யாருக்குப் புரியவைக்க முடியும்?

பத்தாம் தொகுதி ஆய்வாளர்களின் அனுபவக் கட்டுரைகளையும் தேடுகருவிகளையும் கொண்டது. குறை ஒன்று: கட்டுரைகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு நிற்கின்றன. அதற்குப் பிந்தைய இசைக்கு வேறு நூல்களைத்தான் நாட வேண்டும்.